கடலோரத்தில் லிப்போ பேட்டரி: சார்ஜ் போடுவதும் எடுத்து வைப்பதும்

ரிமோட் கார், படகு, விமானத்தில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி, ஓட்டும்போது கெடுவதைவிட, ஓட்டாமல் வைத்திருக்கும்போது கெடுவதுதான் அதிகம். முழுசாக சார்ஜ் ஏற்றி, "ஞாயித்துக்கிழமை ஓட்டிக்கலாம்" என்று ஷெல்ஃபில் வைப்போம். அந்த ஞாயிறு மழையில் போகும், அடுத்தது கல்யாண வீட்டில் போகும். சில வாரம் கழித்து எடுத்துப் பார்த்தால் பேட்டரி பேக் வீங்கியிருக்கும். தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நம் கரையோரத்தில் இது இன்னும் சீக்கிரமே நடக்கும். வெயிலும் உப்புக் காற்றும் சேர்ந்து செய்கிற வேலை அது. குளிர்ந்த ஊர்க்காரர்கள் சொல்லித்தரும் முறை மட்டும் இங்கே போதாது. ரிமோட் கார், கண்மாயில் விடுகிற ரிமோட் படகு, தெர்மாகோல் விமானம் என்று எதற்காக வாங்கியிருந்தாலும், முதல் பேக்கை சார்ஜரில் மாட்டுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

பேக்கின் மேல் என்ன எழுதியிருக்கிறது

பெரும்பாலும் புதிதாக வருபவர்கள் வாங்கும் பேக்கில் "3எஸ், 11.1 வோல்ட், 2200 எம்ஏஎச், 35சி" என்று அச்சிட்டிருக்கும். 3எஸ் என்றால் உள்ளே மூன்று செல் வரிசையாக இணைந்திருக்கிறது. ஒரு செல்லின் சராசரி வோல்டேஜ் 3.7, முழு சார்ஜில் 4.2. அதனால் 3எஸ் பேக் முழுசாக ஏறினால் 12.6 வோல்ட் காட்டும். 2எஸ் என்றால் 8.4, 4எஸ் என்றால் 16.8.

2200 எம்ஏஎச் என்பது பேக்கின் கொள்ளளவு, அதாவது 2.2 ஆம்ப்-மணி. 35சி என்பது பேக் எவ்வளவு கரண்ட் கொடுக்கும் என்பதற்கான கணக்கு: 35 பெருக்கல் 2.2, அதாவது 77 ஆம்ப். பல கம்பெனிகள் இந்த எண்ணைக் கூட்டித்தான் போடுகின்றன, முழுசாக நம்ப வேண்டாம். முக்கியமாக, சார்ஜ் போடுவதற்கும் இந்த 35-க்கும் சம்பந்தமே இல்லை. சார்ஜுக்கு 1சி என்று மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2200 எம்ஏஎச் பேக்குக்கு 2.2 ஆம்ப், 1500-க்கு 1.5 ஆம்ப், 5000-க்கு 5 ஆம்ப். வேகமாக ஏற்றலாம் என்று பேக்கிலேயே போட்டிருந்தாலும் முதல் வருஷம் 1சியைத் தாண்டாதீர்கள். மிச்சமாகிற அரை மணி நேரத்துக்காக பேக்கின் ஆயுளையும் வீட்டின் பாதுகாப்பையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

பேக்கிலிருந்து இரண்டு இணைப்பு வெளியே வரும். தடித்த சிவப்பும் கறுப்பும் ஒயர் போய்ச் சேர்கிற மஞ்சள் நிற எக்ஸ்டி60 கனெக்டர்தான் மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பது. இன்னொன்று மெல்லிய ஒயர்கள் கொண்ட சின்ன வெள்ளை பிளக், பேலன்ஸ் பிளக். 3எஸ் பேக்கில் அதற்கு நான்கு ஒயர் இருக்கும். அதன் வழியாகத்தான் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகப் பார்க்கிறது.

செல்போனை இரவு முழுக்க சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறோமே, இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம் என்று கேட்கலாம். போன் பேட்டரியோடு ஒரு பாதுகாப்பு சர்க்யூட் ஒட்டியே வரும். அளவு மீறினாலும் குறைந்தாலும் அதுவே துண்டித்துவிடும். பொழுதுபோக்குக்கு வாங்கும் லிப்போ பேக்கில் அது கிடையாது. மெல்லிய அலுமினியப் படல உறை, உள்ளே எளிதில் தீப்பற்றும் திரவம், அவ்வளவுதான். பாதுகாப்பு சர்க்யூட் செய்ய வேண்டிய வேலையை சார்ஜரும் நீங்களும்தான் செய்ய வேண்டும்.

ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும், திரவம் சிதைந்து வாயுவாகும். ரொம்பக் கீழே இறங்கிப்போனால் உள்ளிருக்கும் செப்புத் தகடு கரைந்து, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது வேண்டாத இடத்தில் போய்ப் படிந்து உள்ஷார்ட் ஆகும். அதனால்தான் "டெட்" ஆன பேக்கை எப்படியாவது உயிர்ப்பித்துவிடும் வித்தைகளை நான் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை.

வாங்க வேண்டியவை

எல்லா செல்லையும் ஒரே அளவுக்குக் கொண்டுவரும் பேலன்ஸ் சார்ஜர் கட்டாயம். பேட்டரி வகை, செல் எண்ணிக்கை, கரண்ட் மூன்றையும் நீங்களே அமைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பேக்கை எடுத்து வைப்பதற்கு ஏற்ற வோல்டேஜுக்குக் கொண்டுவரும் "ஸ்டோரேஜ்" என்ற தனி வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். இந்தக் கட்டுரையில் மறுபடி மறுபடி வரப்போவது அதுதான். இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜர், பைக் பேட்டரி சார்ஜர், பழைய பொம்மைக் கார் அடாப்டர் எதையும் லிப்போவுக்கு மாட்டக் கூடாது.

அடுத்து ஒரு வோல்டேஜ் செக்கர். பேலன்ஸ் பிளக்கில் செருகினால் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் காட்டி, குறைந்தால் கத்தும் சின்ன சாதனம். விலை குறைவு, பேக்கை விட்டுப் பிரியாமல் இருக்க வேண்டியது. வீட்டில் ஒரு மல்டிமீட்டர் இருந்தால், புது சார்ஜர் முதல் தடவை முழு சார்ஜ் என்று சொல்லும்போது பேக்கை மீட்டரில் அளந்து பாருங்கள். 3எஸ் பேக் 12.6-க்கு மேல் கண்ணில் படும்படி போனால் அந்த சார்ஜரைக் கடையிலேயே திருப்பிக் கொடுங்கள்.

எந்த இடத்தில் சார்ஜ் போடுவது

நம் பக்கத்து வீடுகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கீற்றுக் கொட்டகை, திண்ணை ஓரம் குவித்து வைத்த நைலான் வலை, கயிறு, தெர்மாகோல் மிதவை, என்ஜினுக்கு வாங்கிவைத்த டீசல் கேன், படகு ஒட்ட வாங்கிய ஃபைபர் ரெசின். இவற்றில் ஒன்று பக்கத்தில் இருந்தாலும் அது சார்ஜ் போடும் இடமில்லை. ஓலைக் கூரையின் கீழே எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். மெத்தை, பாய், பிளாஸ்டிக் நாற்காலி இவற்றின் மேலும் வேண்டாம்.

சிமெண்ட் தரை போட்ட வராண்டா நல்ல இடம். வெயில் நேராக விழக் கூடாது, மேலே எரியக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது. வாசலை மறிக்கிற மாதிரியும் வைக்காதீர்கள், ஏதாவது ஆனால் வீட்டில் இருப்பவர்கள் வெளியே வர வழி வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடல் காற்று எழும்பும் வீடுகளில் எந்தப் பக்கமிருந்து காற்று வருகிறது என்றும் பார்த்து வையுங்கள், புகை வந்தால் அது வீட்டுக்குள் போகக் கூடாது.

இரண்டு ஹாலோ பிளாக் கல்லும் ஒரு தரை ஓடும் போதும். தரை ஓட்டைக் கீழே போட்டு, அதன் மேல் கல்லைத் துளை மேலே பார்க்க நிறுத்தி, துளைக்குள் பேக்கை வையுங்கள். ஒயர் மட்டும் வெளியே வந்து தள்ளியிருக்கும் சார்ஜரில் சேரட்டும். காய்ந்த மணலை பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே தொங்கவிடுவதோ பக்கத்துக் கல்லில் வைப்பதோ நல்லது. தீ வந்தால் பை உருகி மணல் தானே கொட்டும். கடைகளில் விற்கும் லிப்போ பையும் உதவும், ஆனால் அதை மட்டும் நம்பி மெத்தை மேல் வைக்கக் கூடாது. மூடி இறுக்கமான இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவது எல்லாவற்றையும்விட ஆபத்து. வாயு வெளியேற வழியில்லாவிட்டால் பெட்டியே வெடிக்கும்.

மணல் என்றதும் கடற்கரைக்கு ஓடாதீர்கள். கடல் மணலில் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே தானாக நீர் கோர்த்துக்கொள்ளும், நம் கரையில் இரவில் அது சாதாரணம். பார்க்கக் காய்ந்த மாதிரி இருக்கும் கடல் மணல் விடிவதற்குள் ஈரமாகி, கரண்ட் கடத்தும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஆற்று மணலோ எம்-சாண்டோ ஒரு வாளி கேட்டு வாங்கி, வெயிலில் காயவைத்து மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

சார்ஜ் போடும் வரிசை

முதலில் பேக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். சமதரையில் வைத்தால் ஆடுகிறதா, ஓரம் அடிபட்டிருக்கிறதா, உறை கிழிந்திருக்கிறதா, நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பான வாடை வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அந்த பேக் சார்ஜருக்குப் போகக் கூடாது.

பிறகு தொட்டுப் பாருங்கள். இப்போதுதான் ஓட்டி முடித்த பேக் சூடாக இருக்கும். அது அறையின் சூட்டுக்கு இறங்கும் வரை காத்திருங்கள். லிப்போவுக்கு சார்ஜ் ஏற்றும் வெப்பத்தின் மேல் எல்லை 45 டிகிரி. சித்திரை, வைகாசியில் வெளிக்காற்றே 37, 38 டிகிரி இருக்கும்போது அந்த எல்லைக்கு அதிக தூரமில்லை. அதனால் கோடையில் காலை ஒன்பது மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்த பிறகுதான் சார்ஜ் என்று வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

செக்கரைச் செருகி செல்களைப் பாருங்கள். மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். 3.78, 3.79, 3.78 என்றால் நல்லது. ஒன்று மட்டும் 3.4 என்று தனியே இறங்கி நின்றால் அந்தச் செல்லுக்கு ஏதோ ஆகியிருக்கிறது. எந்தச் செல்லாவது 3.0-க்குக் கீழே போயிருந்தால் அந்த பேக்கை ஒதுக்கிவிடுவதே என் வழக்கம்.

இனி இணைப்பு. சார்ஜருக்குக் கரண்ட் கொடுங்கள். சார்ஜ் ஒயரின் ஒரு முனையில் இருக்கும் ஒற்றைக் குச்சி பனானா பிளக் இரண்டையும் முதலில் சார்ஜரில் செருகுங்கள், அதற்கு அப்புறம்தான் மறுமுனையில் பேட்டரி. தலைகீழாகச் செய்தால் பேட்டரியில் மாட்டிய ஒயரின் இரண்டு உலோக முனையும் வெளியே தொங்கும். ஒன்றோடொன்று தொட்டால் போதும், பொறி பறந்து ஒயரே சிவந்து எரியும். பெரிய கனெக்டருக்குப் பிறகு பேலன்ஸ் பிளக்கைச் செருகுங்கள். அது ஒரு திசையில்தான் நுழையும், அழுத்தித் திணிக்க வேண்டாம்.

திரையில் லிப்போ என்ற வகை, பேலன்ஸ் சார்ஜ், 3எஸ், 2.2 ஆம்ப் என்று அமையுங்கள். பேக்கில் எச்வி என்று எழுதியிருந்தால் மட்டுமே 4.35 வோல்ட் வரை போகும் வகையைத் தேர்வு செய்யலாம், மற்ற பேக்குக்கு அது ஆபத்து. தொடங்கும் பட்டனை அழுத்தியதும் சார்ஜர் தான் கண்டுபிடித்த செல் எண்ணிக்கையைக் காட்டும். நீங்கள் அமைத்ததும் அது சொல்வதும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே சம்மதம் கொடுங்கள். இந்த ஒரு இடத்தில் அவசரப்பட்டு அழுத்துவதால் விபத்து வரலாம்.

ஆரம்பத்தில் கரண்ட் முழுசாகப் போகும். வோல்டேஜ் 4.2-ஐ நெருங்கியதும், சோறு பொங்கி வரும்போது அடுப்பைத் தணிக்கிற மாதிரி, சார்ஜர் கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும். அதனால் கடைசிப் பத்து சதவீதம் ஏறத்தான் நேரம் பிடிக்கும். 1சியில் மொத்தம் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும்.

அந்த ஒரு மணி நேரமும் கண்ணில் படுகிற தூரத்தில் இருங்கள். முன்னால் உட்கார்ந்து உற்றுப் பார்க்க வேண்டியதில்லை, ஆனால் கடைக்குப் போகக் கூடாது, குளிக்கப் போகக் கூடாது, தூங்கவும் கூடாது. அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பாருங்கள். 1சியில் ஏறும் நல்ல பேக் சூடே தெரியாமல்தான் இருக்கும். வெதுவெதுப்பைத் தாண்டினால் நிறுத்திவிடுங்கள். முடிந்ததும் பேலன்ஸ் பிளக், பெரிய கனெக்டர் இரண்டையும் கழற்றிவிடுங்கள், சார்ஜரிலேயே தொங்க விடாதீர்கள்.

நான்கைந்து பேக்கை ஒரே போர்டில் சேர்த்து ஏற்றும் முறை ஒன்று உண்டு. புதியவர்களுக்கு அது இப்போது வேண்டாம்.

சார்ஜ் போட்டுக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், முதல் வேலை பேக்கைக் கழற்றுவது. சில சார்ஜர்கள் கரண்ட் இல்லாத நேரத்தில் பேட்டரியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக இழுக்கும். கரண்ட் வந்து நிலைத்த பிறகு எல்லா அமைப்பையும் முதலிலிருந்து பார்த்துத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் நேரத்தில் சார்ஜரையே பிளக்கிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஓட்டும்போது எங்கே நிறுத்துவது

2200 எம்ஏஎச் பேக்கில் 1760 வரை எடுக்கலாம், அதாவது எண்பது சதவீதம். செக்கரின் அலாரத்தைச் செல்லுக்கு 3.5-இல் வையுங்கள். அது கத்தினால் படகைக் கரைக்குத் திருப்புங்கள். காற்றுக்கு எதிரே திரும்ப வர வேண்டியிருந்தால் இன்னும் முன்னாலேயே. ஆடிக் காற்றில் கண்மாயின் மறுகரைக்குப் போன படகு, போகும்போது எடுத்த சார்ஜைவிடத் திரும்பி வரும்போது அதிகம் எடுக்கும்.

பறக்கவிடுபவர்களுக்கு ஒரு வார்த்தை: உச்சிப்புளியில் கடற்படை விமான தளம் இருக்கிறது, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா, கடலுக்கு அந்தப் பக்கம் வேறு நாடு. எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடத்தைப் பார்க்காமல் எதையும் மேலே எழுப்பாதீர்கள். இதனாலேயே எங்கள் பக்கத்தில் நான் முதலில் சிபாரிசு செய்வது காரும் கண்மாய்ப் படகும்தான்.

எடுத்து வைப்பது

இதுதான் முக்கியமான பகுதி, இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

முழு சார்ஜில் இருக்கும் செல் சும்மா இருக்காது. உள்ளே திரவம் மெதுவாகச் சிதைந்துகொண்டே இருக்கும், வெப்பம் கூடக் கூட அது வேகமாகும். இருபது டிகிரி ஊரில் ஒரு மாதம் தாங்கும் பேக், நம் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே அந்த மாதிரி தாங்காது. அதே சமயம் காலியாக வைத்தாலும் தானாக இறங்கி 3.0-க்குக் கீழே போய்விடும். இரண்டுக்கும் நடுவில் செல் நிம்மதியாக இருக்கும் வோல்டேஜ் 3.80 முதல் 3.85 வரை. 3எஸ் பேக்குக்கு மொத்தம் 11.4 முதல் 11.55.

சார்ஜரில் ஸ்டோரேஜ் வசதியைத் தேர்வு செய்தால் அதுவே ஏற்றியோ இறக்கியோ அந்த அளவுக்குக் கொண்டுவந்துவிடும். ஏற்றுவது சீக்கிரம் முடியும். முழு பேக்கை இறக்குவதற்கு சின்ன சார்ஜர்கள் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால் ஓட்டப் போகும் அன்று காலையில் மட்டும் முழுசாக ஏற்றுங்கள். முந்தின இரவே ஏற்றி வைக்கும் பழக்கத்தை விடுங்கள். ஏற்றிய பிறகு ஓட்ட முடியாமல் போனால் ஒரு நாள் பொறுக்கலாம், இரண்டாம் நாள் ஸ்டோரேஜ் அளவுக்கு இறக்கிவிடுங்கள். ஓட்டி முடித்து வந்த பேக்கும் அப்படித்தான். சூடு ஆறியதும் அன்றைக்கே ஸ்டோரேஜ் அளவுக்கு ஏற்றிவிட வேண்டும்.

வீட்டில் வைக்கும் இடம்: பரண் வேண்டாம், அங்கேதான் வீட்டின் மொத்தச் சூடும் தேங்கும். ஃபிரிட்ஜின் மேலும் வேண்டாம், பின்பக்கச் சூடு ஏறும். வெயில் படாத வடக்குச் சுவர் ஓரம், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு கல் பலகை போதும். பெரிய மண்சட்டிக்குள் பேக்குகளை ஒன்றோடொன்று உரசாமல் நிறுத்தி, காற்றுப் போக இடம்விட்டு ஓடு வைத்து மூடலாம். சட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போடுங்கள், மாதம் ஒருமுறை மாற்றுங்கள். கனெக்டர்களுக்கு மூடி போட்டிருக்க வேண்டும். சாவி, ஸ்பேனர், தூண்டில் முள் எதுவும் அதே சட்டியில் கிடக்கக் கூடாது. பிள்ளைகள் கை எட்டாத இடமாகவும் இருக்கட்டும்.

ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் ஆயுள் கூடும் என்று ஒரு யோசனை உண்டு. குளிர்ச்சி நல்லது என்பது உண்மைதான். ஆனால் ஈரக் காற்று அடிக்கும் இந்த ஊரில் குளிர்ந்த பேக்கை வெளியே எடுத்த மறு நிமிஷம் அதன் மேல் நீர் முத்து முத்தாகக் கோர்க்கும், கனெக்டரின் உள்ளேயும் கோர்க்கும். சாப்பாடு வைக்கும் இடத்தில் பேட்டரி எதற்கு என்பது வேறு. நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பைக் சீட்டின் அடியில், காரின் டாஷ்போர்டில் பேக்கை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். மூடிய கார் வெயிலில் நின்றால் உள்ளே அறுபது டிகிரியைத் தாண்டும்.

மாதம் ஒருமுறை எல்லா பேக்கையும் எடுத்து செக்கரில் பார்த்து, ஒரு நோட்டில் தேதி போட்டு மூன்று செல் வோல்டேஜையும் எழுதி வையுங்கள். மற்ற செல்கள் 3.82-இல் நிற்க, ஒன்று மட்டும் மாதாமாதம் இறங்குகிறது என்பது நோட்டில் எழுதினால்தான் தெரியும்.

உப்பு

வெள்ளை பேலன்ஸ் பிளக்கின் ஓட்டைகளுக்குள் செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். புது பேக்கில் உள்ளே இருக்கும் தகடு பளிச்சென்று இருக்கும். மண்டபத்திலோ பாம்பனிலோ சில மாதம் புழங்கிய பேக்கில் ஓரமாக ஒரு மங்கல் படரும், அப்புறம் பச்சையாக மாவு மாதிரி ஒன்று. அது செம்பு அரிப்பு. பிளக்கில் பக்கத்துப் பக்கத்துப் பின்களுக்கு இடையே கிட்டத்தட்ட 4 வோல்ட் எப்போதும் நிற்கிறது. அதன் மேல் உப்புப் படிந்து, இரவு ஈரத்தில் அது கரைந்தால், பேட்டரி சட்டிக்குள் தூங்கும்போதே மின்பகுப்பு நடக்கும். அந்தப் பின்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். தேய்ந்த பின்னில் தடை கூடும், சார்ஜர் அந்தச் செல்லின் வோல்டேஜைத் தப்பாகப் படிக்கும், அந்தத் தப்புக் கணக்கை வைத்தே சமன் செய்யும். விபத்தின் தொடக்கம் இப்படிப் பார்வைக்கு அற்பமாகத்தான் இருக்கும்.

கடல் பக்கம் ஓட்டிவிட்டு வந்த அன்று, காது குடையும் பட்ஸில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் தொட்டு கனெக்டர்களைத் துடையுங்கள். நெருப்பு பக்கத்தில் இல்லாமல், ஆல்கஹால் முழுக்கக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஒவ்வொரு பின்னாகத் துடையுங்கள், உலோகக் குச்சி எதையும் நுழைக்காதீர்கள், இரண்டு பின்னை ஒரே நேரத்தில் தொட்டால் ஷார்ட் ஆகும். பச்சை பிடித்துவிட்டால் பிளக்கை மாற்றுவதே சரி. சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்து, ஒரு நேரத்தில் ஒரு ஒயரை மட்டும் வெட்டி மாற்றச் சொல்லுங்கள்.

பேக் கடலுக்குள் விழுந்துவிட்டால்? எடுத்ததும் மோட்டாரிலிருந்து கழற்றுங்கள். சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது. மேலே ஒட்டிய உப்பை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். நம் ஊரில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு, அதில் கழுவிப் பயனில்லை. பேட்டரிக் கடையில் இன்வெர்ட்டருக்கு விற்கும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு கேன் வாங்கிக் கழுவுங்கள். நிழலில், வீட்டுக்கு வெளியே, சிமெண்ட் தரையில் எரியக்கூடியது எதுவும் பக்கத்தில் இல்லாமல் காய வையுங்கள். உடனே ஒன்றும் ஆகவில்லை என்பதால் உள்ளே கொண்டுவராதீர்கள், பல மணி நேரம் கழித்தும் சூடாகலாம். உப்புத் தண்ணீர் உறைக்குள் இறங்கிய பேக்கை நான் மறுபடி ஓட்டச் சொல்ல மாட்டேன்.

வீங்கினால், புகைந்தால்

"அண்ணே, லேசாத்தான் வீங்கியிருக்கு, இந்த வாரம் மட்டும் ஓட்டிக்கிறேன்" என்று கேட்காத தம்பி இல்லை. வேண்டாம் தம்பி. வீக்கம் என்பது உள்ளே திரவம் வாயுவாக மாறிவிட்டதற்கான அத்தாட்சி. அமுக்கினால் போகாது, ஊசியால் குத்தி வாயுவை விட்டால் அப்போதே தீப்பிடிக்கலாம்.

சார்ஜ் போடும்போது சீறும் சத்தம் கேட்டாலோ, பேக் கண்ணெதிரே புடைத்தாலோ, கைக்கு எட்டும் தூரத்தில் பத்திரமாக இருந்தால் மட்டும் சார்ஜரின் மெயின் சுவிட்சை அணையுங்கள். பேக்கைக் கையில் எடுக்க வேண்டாம். வீட்டில் இருப்பவர்களை வெளியேற்றுங்கள். வரும் புகையில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு போன்ற நச்சு வாயு இருக்கும், காற்று வரும் திசையில் நில்லுங்கள், குனிந்து பார்க்காதீர்கள்.

லிப்போவில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று பரவலாக ஒரு பயம் இருக்கிறது. இந்த பேட்டரிக்குள் கட்டி லித்தியம் உலோகம் கிடையாது. மெயின் கரண்ட் அணைந்திருந்தால், பக்கத்துப் பொருள்களுக்குத் தீ பரவாமலும் செல்கள் குளிரவும் நிறையத் தண்ணீர் உதவும். ஒரு சொம்புத் தண்ணீரால் பயனில்லை, வாளி வாளியாக வேண்டும். மணல் தீயை அணைக்காது, ஆனால் பொறியும் சுவாலையும் சிதறாமல் பிடித்துவைக்கும். வெளியே தனியாகக் கல்லுக்குள் எரிகிற பேக்கை அப்படியே எரிந்து முடிய விடுவதுதான் பல நேரம் நல்ல முடிவு. அணைந்த மாதிரி தெரிந்தாலும் பக்கத்துச் செல் மறுபடி பற்றும், அதனால் சில மணி நேரம் நெருங்காதீர்கள். வீட்டில் எதிலாவது பிடித்துவிட்டால் யோசிக்காமல் 101 அல்லது 112.

வெளியூர் கொண்டுபோவது

பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் ஸ்டோரேஜ் அளவில், கனெக்டர் மூடியோடு, லிப்போ பையில் போட்டு உங்கள் மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து விமானம் ஏறுவதாக இருந்தால், தனி பேட்டரி எதுவும் செக்-இன் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். ஒரு பேக் 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும், வோல்ட்டை ஆம்ப்-மணியால் பெருக்கினால் வருவது அது. 11.1 பெருக்கல் 2.2 என்றால் 24.4 வாட்-மணிதான், கவலையில்லை. கேட்டால் காட்டுவதற்கு லேபிள் கிழியாமல் இருக்கட்டும்.

ஆயுள் முடிந்த பேக்கை என்ன செய்வது

உப்புத் தண்ணீர் வாளியில் போட்டுவைத்தால் தானாகக் காலியாகும் என்று சொல்வார்கள். அப்படிச் செய்யாதீர்கள். செல் காலியாவதற்கு முன்னாலேயே கனெக்டரும் தகடும் அரித்து அறுந்துபோகும், உள்ளே சார்ஜ் அப்படியே நிற்கும். வெளியிலிருந்து அளக்கவும் வழியிருக்காது.

உறை கிழியாத பேக் என்றால் கார் பல்பு ஒன்று போதும். 12 வோல்ட், 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் சால்டர் செய்து எக்ஸ்டி60 போட்டுக்கொள்ளுங்கள். வெளியே, காய்ந்த மணலின் மேல் பேக்கை வைத்து மாட்டினால் 3எஸ் பேக்கிலிருந்து ஒன்றரை ஆம்ப்புக்கு மேல் இழுக்கும். பல்பு சுடும், எதன் மேலும் படாமல் வையுங்கள். மங்கி, அணைந்து, அதற்கப்புறமும் ஓரிரு நாள் அப்படியே மாட்டி விடுங்கள். 4எஸ் பேக்குக்கு லாரியில் போடும் 24 வோல்ட் பல்பு வேண்டும். மீட்டரில் பூஜ்யம் காட்டிய பிறகு ஒயர்களை ஒவ்வொன்றாக வெட்டி, வெட்டியதும் டேப் சுற்றுங்கள். கிழிந்த, நசுங்கிய, கடல் தண்ணீர் இறங்கிய பேக்கில் இந்த வேலை வேண்டாம். அதை வெளியே மணல் வாளியிலேயே வைத்திருந்து, சேகரிப்பவரிடம் நிலைமையைச் சொல்லிக் கொடுங்கள்.

குப்பை வண்டியில் போடாதீர்கள், நசுக்கும்போது வண்டியோடு எரியும், அதில் வேலை செய்பவர்களுக்குத்தான் ஆபத்து. கண்மாயிலும் கடலிலும் வீசவே கூடாது. 2022-இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரியைத் திரும்ப எடுத்து மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பவர், இறக்குமதி செய்பவரின் பொறுப்பு. வாங்கிய கடையில் முதலில் கேளுங்கள். பக்கத்தில் எடுப்பவர் இல்லையென்றால், காலி செய்து டேப் ஒட்டிய பேக்குகளை ஒரு டப்பாவில் சேர்த்துவைத்து, மதுரைக்கோ சென்னைக்கோ போகும்போது அங்கீகாரம் பெற்ற மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுத்துவிடுங்கள்.